சிங்கிள் காயில் கிட்டார்ல மெட்டல் வாசிக்க முடியுமா?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கேள்வியைப் பத்தினது. "என்கிட்ட இருக்கிறது ஸ்ட்ராட் மாடல் கிட்டார். மூணுமே சிங்கிள் காயில் பிக்கப். மெட்டல் வாசிக்கணும்னா ஹம்பக்கர் இருக்கிற வேற கிட்டார் வாங்கியே ஆகணுமா?" என் பதில்: வேண்டாம். குறைஞ்சபட்சம் இந்த எபிசோடை முடிக்கிற வரைக்குமாவது, கார்ட்ல போட்டு வச்சிருக்கிற கிட்டாருக்குப் பணம் கட்டாதீங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1970 பிப்ரவரியில பிளாக் சப்பாத்தோட முதல் ஆல்பம் வந்துச்சு. ஹெவி மெட்டல் அங்கதான் தொடங்குதுன்னு பெரும்பாலானவங்க ஒத்துக்கிற ஆல்பம். டோனி அயோமி அந்த ரெக்கார்டிங்குக்கு ஒரு ஸ்ட்ராட்டோடதான் போனார். நடுவுல அதோட பிக்கப் செத்துப்போச்சு. மாற்றா வச்சிருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்தார். கிப்சன்னு சொன்னதும் ஹம்பக்கர்னு நினைப்பீங்க. அந்த எஸ்ஜியில இருந்தது பி-90. அதுவும் சிங்கிள் காயில்தான், கொஞ்சம் அகலமான, அவுட்புட் அதிகமான வகை. ஆம்புக்கு முன்னாடி ஒரு ட்ரெபிள் பூஸ்டர் பெட்டியும் வச்சிருந்தார். அந்தப் பெட்டியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

சரி, அப்போ பிரச்சினை எங்க இருக்கு? பிக்கப்ங்கிறது காந்தத்தைச் சுத்தி, தலைமுடி மாதிரி மெல்லிசான செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுத்து சுத்தின ஒரு காயில். ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் கலையுது, காயில்ல சிக்னல் பிறக்குது. ஆனா அதே காயில் ஒரு ஆன்டெனாவும்கூட. நம்ம வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சுவத்துக்குள்ள ஓடுற வயர், அடாப்டர், மானிட்டர் எல்லாத்தோட இரைச்சலையும் அது பிடிச்சுக்கும். "ங்ங்ங்"னு கேக்குதே, அதுதான் ஹம். 1955-ல கிப்சன்ல வேலை பார்த்த செத் லவர், ரெண்டு காயிலை எதிரெதிர் திசையில சுத்தி, காந்தத்தையும் திருப்பி வச்சு ஹம்பக்கரை உருவாக்கினார். ஸ்ட்ரிங் சிக்னல் ஒண்ணோட ஒண்ணு கூடும், ஹம் மட்டும் அடிபட்டுப் போகும்.

க்ளீன் டோன்ல இந்த ஹம் பெருசாத் தெரியாது. டிஸ்டார்ஷன் போட்டாதான் வில்லன் ஆகுது. ஏன்னா டிஸ்டார்ஷன் கத்துறவனை அமுக்கி, முணுமுணுக்கிறவனைத் தூக்கி விடும். நோட்டோட உச்சியை வெட்டிடுது, அடியில கிடந்த ஹம்முக்கு முழு கெயினும் கிடைக்குது. அதனால ஹம்மை ஆம்புல தேடாதீங்க, அது நுழையிற இடத்துலயே குறைங்க.

கிட்டாரை மாட்டிக்கிட்டு உக்காந்த இடத்துலயே மெதுவா சுத்திப் பாருங்க. ஒரு கோணத்துல ஹம் சட்டுனு இறங்கும். அதுதான் உங்க நாற்காலி இருக்க வேண்டிய திசை. காசே செலவில்லாத இந்த வைத்தியத்தை யாரும் மதிக்கிறதில்லை! லேப்டாப்ல ஆம்ப் சாஃப்ட்வேர் வச்சு வாசிக்கிறவங்க சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க. கிட்டாருக்குள்ள காப்பர் டேப் ஒட்டுறது பத்தியும் கேக்கிறாங்க. அது "கிர்ர்"னு வர்ற கூர்மையான இரைச்சலைக் குறைக்கும், ஆனா காந்தப்புலம் வழியா வர்ற ஹம்மை ஒண்ணும் பண்ணாது.

இன்னொண்ணு, இதுல விளையாட்டே கிடையாது. பிளக்கோட எர்த் பின்னை எடுத்துட்டா சத்தம் போயிடும்னு சிலர் சொல்வாங்க. செய்யவே செய்யாதீங்க. ஸ்ட்ரிங் எல்லாம் எர்த்தோட இணைஞ்சிருக்கு, உங்க கை ஸ்ட்ரிங் மேலேயே இருக்கு. தொட்டா லேசா ஷாக் அடிக்குதுன்னா அன்னைக்கு ப்ராக்டிஸ் கிடையாது, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க.

இப்போ டோன். கெயினை நீங்க வச்சிருக்கிறதுல பாதியா குறைங்க. முகம் சுளிக்காதீங்க! ஆம்புக்கு முன்னாடி ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி ஒரு ஓவர்டிரைவ் வைங்க. டிரைவ் கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் நல்லா மேல. அது சிக்னலைத் தள்ளிக் கொடுக்கும், கூடவே டிஸ்டார்ஷனுக்கு முன்னாடியே பாஸை வெட்டி மிட்ஸைத் தூக்கும். பாம் மியூட் பண்ணும்போது கொழகொழன்னு இல்லாம கட்டுனு நிக்கும். அயோமியோட ட்ரெபிள் பூஸ்டரும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் பார்த்துச்சு: பாஸை விட்டுட்டு மேல்பகுதியை மட்டும் தூக்கி ஆம்பைத் தள்ளுறது.

அடுத்து, காதைக் குத்துற ட்ரெபிள். பழைய பாணி ஸ்ட்ராட் வயரிங்ல ரெண்டு டோன் நாபும் நெக், மிடில் பிக்கப்புக்குத்தான். நாம மெட்டலுக்கு எடுக்கிற பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் நாபே கிடையாது! திருகிப் பாருங்க. எதுவும் மாறலைன்னா உங்களோடதும் அப்படித்தான். ஸ்விட்ச்ல ஒரு சின்ன வயர் சால்டர் பண்ணினா ஒரு நாபை பிரிட்ஜுக்குக் கொண்டுவரலாம். அதை 6, 7-ல வச்சீங்கன்னா பாதி மெலிவு காணாமப் போகும். ஆம்புல மிட்ஸைக் குழி தோண்டாதீங்க. ரூம்ல தனியா கேக்க நல்லா இருக்கும், டிரம்ஸும் பாஸும் வந்ததும் நீங்க இருக்கிறதே தெரியாது.

நாய்ஸ் கேட் கடைசியிலதான். ஓவர்டிரைவுக்கு அடுத்து போட்டு, ஹம் மறையிற அளவுக்கு மட்டும் த்ரெஷோல்டை ஏத்துங்க. அதுக்கு மேல போனா நீட்டி வாசிக்கிற நோட்டோட வாலை வெட்டிடும். ஒரு விஷயம், கேட் இடைவெளியை மட்டும்தான் சுத்தம் பண்ணும். வாசிக்கும்போது ஹம் நோட்டோட சேர்ந்துதான் வரும்.

பதிலுக்கு சிங்கிள் காயில் ஒண்ணு தருது. பிக் ஸ்ட்ரிங்ல படுற அந்த முதல் "டக்" தெளிவா இருக்கும், பவர் கார்டைத் தாண்டி மூணு நாலு நோட் சேர்த்து அடிச்சாலும் தனித்தனியா கேக்கும். எழுபதுகளோட டூம், த்ராஷ் ரிஃப் எல்லாத்துக்கும் இது போதும். ரொம்ப கீழ ட்யூன் பண்ணி, ரிஃபுக்கு நடுவுல மயான அமைதி வேணும்னு கேக்கிற இன்னைய மெட்டலுக்குத்தான் கஷ்டம்.

அதுதான் வேணும்னா, அப்பவும் முதல்ல பிக்கப்பை மாத்துங்க. சிங்கிள் காயில் சைஸ்லயே ரெண்டு காயிலைப் பக்கத்துல வச்ச ரெயில் வகையும், மேலயும் கீழயும் அடுக்கின ஸ்டாக் வகையும் கிடைக்குது. இங்வி மால்ம்ஸ்டீன் பல வருஷம் ஸ்ட்ராட்ல வச்சு வாசிச்சது அந்த ஸ்டாக் வகைதான். மரத்தை வெட்ட வேண்டாம், அதே குழியில உக்காந்துடும். பிரிட்ஜுக்கு ஒண்ணு மட்டும் வாங்கினா போதும், மத்த ரெண்டையும் தொடாதீங்க. க்ளீன் வாசிக்க அது வேணும்.