கேளாதவருக்குச் சொல்லலாமா?

நம் ஊர் ஜோசியர்களுள் நல்லவரென்று பெயரெடுத்தவர், கல்யாணம், உத்தியோகம், புத்திர பாக்கியம் எல்லாவற்றையும் தாராளமாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஆயுள் பாவத்தை எட்டியதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜாதகத்தை மடித்துவிடுவார். அந்த நாகரிகத்தை வைத்திய சாஸ்திரமும் பழக வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஜோசியம் பொய்க்கலாம் என்ற ஆறுதலாவது நமக்கு உண்டு, ஹண்டிங்டன் வியாதிக்கான மரபணுப் பரிசோதனையோ அநேகமாகப் பொய்ப்பதில்லை.

1872-ல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் அமெரிக்க வைத்தியர் விவரித்த அவ்வியாதி, பெரும்பாலும் நடுவயதில், மனிதன் குடும்பமும் பொறுப்புமாக வேரூன்றிய பிற்பாடு தலைகாட்டி, கைகால்களைத் தன்னிஷ்டத்துக்கு ஆட்டுவித்து, புத்தியையும் சுபாவத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்து ஆளைக் கொண்டுபோகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சரிபாதி அபாயம். தடுக்க மருந்தில்லை.

லியனோர் வெக்ஸ்லர் என்ற அமெரிக்க மாது விலங்கியல் கற்றவர். தந்தையையும் மூன்று சகோதரர்களையும் அவ்வியாதிக்குப் பறிகொடுத்தும், அது ஆண்களையே பற்றும் என்று நம்பியிருந்தார். 1968-ல் அவருக்கே அது வந்துவிட்டதென்று தெரிந்தது. அவருடைய மகள் நான்சி, வெனிசுவேலாவில் மரகைபோ ஏரிக்கரைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இந்நோய்க்கு இரையாகிவந்த குடும்பங்களிடையே ஆண்டுதோறும் சென்று, வம்சாவளி எழுதி, இரத்தம் சேகரித்தார். அந்த இரத்தத்தின் துணையால்தான் 1983-ல் நான்காம் குரோமோசோமில் நோயின் அடையாளமும், 1993-ல் மரபணுவும் அகப்பட்டன. இவ்வளவுக்கும் காரணமான அம்மையார், பரிசோதனை கைக்கு வந்தபோது, தாம் அதைச் செய்துகொள்வதில்லை என்று முடிவு செய்தார். இதைக் கோழைத்தனம் என்பவர் சரிபாதி அபாயத்தோடு ஓரிரவேனும் படுத்துறங்கிப் பார்க்கட்டும்.

ஆயினும் ஒருவர் அறிவது அவரோடு நிற்பதில்லை. அதுதான் இதிலுள்ள கடுஞ்சிக்கல். பாட்டனாருக்கு இருந்த வியாதி தனக்கும் உண்டா என்று பேரன் சோதித்து, உண்டென்று தெரியுமானால், அறிய விரும்பாத தகப்பனாரின் விதியும் அந்தக் காகிதத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. வயதுவந்த பேரனின் உரிமையை மறுக்க இயலாது. ஆனால் தகப்பனார் முகத்தெதிரில் வாய்மூடியிருக்கும் கடமையும் அவனுக்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். குழந்தைகளுக்காகப் பெற்றோர் இதை முன்கூட்டிச் சோதிக்கலாகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அல்ஸைமர் என்ற மறதிநோய் விஷயத்தில் தெரியவருவது விதியன்று, சாத்தியம் மாத்திரமே. ஆயினும் தம் மரபணுத் தொகுதி முழுவதையும் 2007-ல் படிக்கத் தந்த டி.என்.ஏ. விஞ்ஞானி ஜேம்ஸ் வாட்சன், பாட்டிக்கு அந்நோய் இருந்த காரணத்தால், அதற்குரிய ஏபிஓஈ மரபணுவின் முடிவை மட்டும் தமக்குச் சொல்லவேண்டாமென்று கேட்டுக்கொண்டார். கேட்பவர் கதை வேறு; தாமே விரும்பி வந்தவர்களுக்குத் தக்க ஆலோசகர் உடனிருந்து அம்முடிவைச் சொன்னபோது பெரும்பாலோர் நிலைகுலையவில்லை என்று ராபர்ட் கிரீன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2009-ல் எழுதினர். ஆகவே கேட்டவரிடம் மறைக்கவும் வேண்டாம், கேளாதவர் செவியில் புகுத்தவும் வேண்டாம்.

2020-ல், தமது எழுபத்து நான்காம் வயதில், தாயின் வியாதி தமக்கும் வந்திருப்பதை நான்சி வெக்ஸ்லர் தம் வாயாலேயே உலகுக்குச் சொன்னார்.