கோடுகளுக்குள் விலை இருக்கிறதா?

குழந்தைகளே! காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துக்கு வந்திருக்கிறீர்களா? மேற்கூரையில் வண்ண ஓவியங்கள் தீட்டிய சமணக் கோயில் உள்ள ஊர். அந்தப் பக்கம் நான் வழக்கமாக மளிகை வாங்கும் கடையை இரண்டு மாதம் மூடிப் புதுப்பித்தார்கள். திறந்ததும் போய்ப் பார்த்தால், அடையாளமே தெரியவில்லை!

முன்பெல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர், இந்தப் பக்கம் நாம். கேட்டதை நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார். இப்போது பலகையும் இல்லை, சணல் கயிறும் இல்லை. கூடையோடு நாமே உள்ளே போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த முறையை 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் தொடங்கியவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். அவருடைய கடையின் பெயர் 'பிக்லி விக்லி'. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர்! உள்ளே நுழைந்தவர் எல்லா அலமாரிகளையும் சுற்றிவிட்டுத்தான் வெளியே வர முடியும். தள்ளுவண்டி வந்தது 1937-இல். சில்வன் கோல்ட்மன் என்பவர் ஓக்லஹோமாவில் கொண்டுவந்தார். முதலில் அதை யாரும் தொடவில்லையாம். சும்மா தள்ளிக்கொண்டு நடப்பதற்கே கூலிக்கு ஆள் வைத்தார் மனிதர்!

எங்கள் கடையிலும் பால் கடைசி மூலைக்குப் போய்விட்டது. மிட்டாய்களோ பணம் கட்டும் இடத்தில், சரியாக உங்கள் கண் உயரத்தில்! ஏன் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அன்று ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியும் கூட வந்தாள். ரசீதைப் பார்த்தவள், "தாத்தா, பிஸ்கட் பாக்கெட்டில் 30 ரூபாய், இதில் 35 ரூபாய்!" என்றாள். இயந்திரம் தப்பாகப் படித்துவிட்டதா? இல்லை. பாக்கெட்டில் உள்ள கறுப்புக் கோடுகளில் விலையே கிடையாது. அவை 13 இலக்க எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு உரிய விலை கடையின் கணினியில் இருக்கிறது. அதில் புதுச் சரக்கின் விலையை ஏற்றியிருந்தார்கள். எங்கள் கையில் இருந்ததோ பழைய சரக்கு. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பது சட்டம். கடைக்காரர் 5 ரூபாயைத் திருப்பித் தந்தார்.

அந்த எண்ணில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. 8901234567890 என்று வைத்துக்கொள்வோம். 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. விடை எப்போதும் பூஜ்யத்தில்தான் முடியும். முடியாவிட்டால் எண்ணில் பிழை. உங்கள் வீட்டு சோப்பு உறையில் போட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரி. ஆனால் தறி நெய்யும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மட்டும் புதுக் கடை பிடிக்கவில்லை. "பத்து ரூபாய்க்குப் புளி கேட்டா, அரைக் கிலோ பாக்கெட்டுதான் இருக்குங்கறாங்க வாத்தியாரே" என்றார். சேலையை நெய்து கொடுத்தால்தான் அவருக்குக் கூலி. அதுவரை அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க முடியும். குளிரூட்டிய கடையில் அதற்கு இடமில்லாமல் போனது எனக்கும் வருத்தமே. கடைக்காரரிடம் சொன்னேன்.

போன வாரம் போனபோது, வாசலோரம் பழைய தராசு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் புளிக்கூடை. பாட்டி தன் மஞ்சள் பையை விரித்துப் பிடித்திருந்தார்.