பழைய மடிக்கணினி வாங்குமுன்



செவிலியர் பள்ளி மாணவியருக்கென்று நீங்கள் அனுப்பிய காணிக்கையில், சீரமைத்த மடிக்கணினிகள் வாங்கப் போனோம். கடைக்காரர் இரண்டு லெனோவோ திங்க்பேட்களை முன்வைத்தார். டி470-இல் ஐ5-7200யூ செயலி, வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ். டி480-இல் ஐ5-8250யூ; 1.6 கிகாஹெர்ட்ஸ்தான், விலையோ அதிகம். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் முன்னதையே எடுத்திருப்போம்.

அந்த எண் அடிப்படை வேகம் மட்டுமே. 7200யூவுக்குள் வேலை செய்யும் உள்ளகங்கள் 2, 8250யூவுக்குள் 4. நெல் அறுக்க இரண்டு பேர் இறங்குவதற்கும் நாலு பேர் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். வேலை மிகும்போது முன்னது 3.1 வரை ஏறும், பின்னது 3.4 வரை ஏறும். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு உரிய செயலிகளின் பட்டியலில் 8250யூ உண்டு, 7200யூ இல்லை. நோயாளிகளின் விவரங்களைக் கையாளப் பழகும் பிள்ளைகளுக்கு இது சிறிய காரியம் அல்ல.

நினைவகத்தில் இரண்டும் சமம்: 2 செருகிடம், 32 ஜிபி வரை. ஆனால் டி480எஸ் என்று ஓர் எழுத்து கூடினால், ஒரு பகுதி பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். செருகிடம் ஒன்றே, எல்லை 24. எக்ஸ்1 கார்பனில் முழுவதும் பற்றவைத்ததே. வாங்கும்போது இருந்ததுதான் கடைசிவரை. (மின்கலம் தனிக் கதை.)

எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்துக்கொண்டு, 8 ஜிபியுடன் டி480 வாங்கினோம். இப்போதைக்குச் சில மாணவியர் இருவருக்கு ஒன்றாக வைத்துப் படிக்கிறார்கள்.