கொல்லை மரங்கள் – 14: உச்சி காயும் மா

முத்துப்பேட்டைப் பக்கத்துக் கொல்லைகளில் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த மரங்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. சாயாமல் நின்ற மாமரங்களைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. காற்று உலுக்கியதில் சல்லிவேர் அறுந்த கிழமரம் உடனே பட்டுப்போகாது. வருஷக்கணக்கில் துளிர்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு உச்சிக் கொப்பிலிருந்து காயத் தொடங்கும்.

“உப்புத் தண்ணிதான் காரணமா தம்பி? வெட்டிப்புடவா?” என்று தன் கொல்லை மாமரத்தைக் காட்டி ஒரு வீட்டு ஆச்சி கேட்டார். கடலோர ஊரில் எல்லாப் பழியும் உப்பின் மேல்தான் விழும். ஆனால் உப்பு, முற்றிய இலைகளின் நுனியையும் ஓரத்தையும் கருக்கும்; அதுவும் மரம் முழுக்கப் பரவலாக. அந்த மரத்தில் பாதி பச்சையாக இருந்தது. மீதியில் கொப்புகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து, சுருண்ட பழுப்பு இலைகள் உதிராமல் தொங்கின. காய்ந்த கொப்பு ஒன்றைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடுகள். இது லாசியோடிப்ளோடியா என்ற பூசணத்தின் வேலை. திடமான மரத்தில் அடங்கிக் கிடக்கும். காயமோ வறட்சியோ நீர்த்தேக்கமோ மரத்தைத் தளர்த்தினால் கிளம்பிவிடும். அடிமரத்தில் ஓட்டையும் மரத்தூளும் தெரிந்தால் அது துளைப்பான் வண்டின் புழு. கம்பிக் கொக்கியால் இழுத்தெடுத்து, பெட்ரோலில் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் அடைக்க வேண்டும்.

வெட்டுமுன் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். பச்சை தெரியும் இடம்வரை உயிர் உண்டு. காய்ந்த பகுதிக்கு 3 அங்குலம் கீழே, பச்சை மரத்தில், மழையில்லாத நாளில் சாய்வாக அறுக்க வேண்டும். அறுத்த கொப்பை வேலியோரம் போடவே கூடாது. பூசண வித்து அதிலிருந்துதான் பரவும். எரித்துவிடுங்கள்.

வெட்டுவாயில் போர்டோ பசை. 1885-இல் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்காக மில்லார்தே வெளியிட்ட மருந்தின் கெட்டியான வடிவம் இது. 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு அரை லிட்டரில், தனித்தனியாக பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பாருங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள், துத்தம் மிஞ்சினால் பட்டை வெந்துவிடும்.

மருந்து இத்தோடு சரி. ஆனால் வேரைக் கவனிக்காமல் கொப்பை மட்டும் வெட்டுகிறவர் மறுவருஷமும் ரம்பத்தோடு நிற்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடிமரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறதா? வாய்க்கால் கிழித்து வடியவிடுங்கள். உவர்ந்த போர்த் தண்ணீரை நிறுத்துங்கள். காய்ப்பு முடிந்த ஆடியில் வெட்டினால், அடைமழைக்கு முன் வெட்டுவாய் ஆறத் தொடங்கும். மழையில் பசை கரைந்திருந்தால் மார்கழியில் மறுபடி பூச வேண்டும்.

ஆச்சியின் மரத்துக்கு இரண்டு கொப்புகளை மட்டும் எடுக்கச் சொன்னேன். அடிமரம் பச்சையாகத்தான் இருக்கிறது.