ட்ரம்மின் மூடியைத் திறந்து பாருங்கள்

மும்பை விக்ரோலி பார்க்சைட்டில், குன்றை ஒட்டி ஏறும் சந்துகளில், வாசலுக்கு வாசல் நீல ட்ரம் நிற்கும். மேலே ஒரு பலகை, பலகை மேல் ஒரு கல். மழைக்காலத்தில் அந்தப் பலகையை நகர்த்தி டார்ச் அடித்துப் பாருங்கள். புழு நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தால் அது அனாஃபிலிஸ், மலேரியாக்காரி. தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம்; வீட்டு ட்ரம் என்றால் பெரும்பாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ்.

கொசுவை நாம் பறக்கும் ஊசி என்றே நினைக்கிறோம், ஒருவரிடம் உறிஞ்சி இன்னொருவருக்கு ஏற்றுகிறது என்று. அப்படியில்லை. மலேரியாக் கிருமி கொசுவுக்கும் வேண்டாத விருந்தாளிதான். ரத்தத்தோடு வயிற்றுக்குள் போன கிருமி ஏறக்குறைய ஒரு நாளில் குடல்சுவரைத் துளைக்கும். அங்கே டெப்-1 என்ற புரதம் அதன் மேல் ஒட்டிக்கொண்டு அழிக்கிறது. சில கொசுக்கள் கிருமியைச் சுற்றிக் கறுப்பாகப் பூசி மூடிவிடும். பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கேயே முடிந்துவிடும். தப்பிப்பது ஒன்றிரண்டு. ஆனால் அந்த ஒன்று ஆயிரக்கணக்கில் பெருகி, பத்துப் பதினைந்து நாளில் எச்சில் சுரப்பிக்கு வந்துவிடுகிறது.

கிருமியும் சும்மா இல்லை. ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி பிஎஃப்எஸ்-47 என்ற மரபணுவின் தயவில் கொசுவின் காவலை ஏமாற்றி நழுவுகிறது. அந்த மரபணு ஒவ்வொரு பிரதேசத்திலும் கொஞ்சம் மாறும், அங்குள்ள கொசுவுக்கு ஏற்றபடி.

இவ்வளவு காவல் இருந்தும் எல்லாக் கொசுவும் ஏன் மலேரியாவைத் தடுப்பதில்லை? காவலுக்குச் சத்து செலவாகும், முட்டைக்கும் அதே சத்துதான் வேண்டும். நம் காய்ச்சலைப் பற்றிக் கொசுவுக்கு என்ன கவலை?

புகை மருந்துக்கும் இதே மரபணுக் கணக்குதான். நோய் எதிர்ப்பு வேறு, விஷ எதிர்ப்பு வேறு என்றாலும் வழி ஒன்று: நரம்பிலுள்ள சோடியம் வாயிலில் சிறு மாற்றம் உள்ள கொசு பைரித்ராய்டு மருந்துக்குச் சாகாது, அதன் பிள்ளைகளும் சாகா. புகை வண்டி வந்தால் பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள், பெரியவர்களுக்குத் திருப்தி. ட்ரம்முக்குள் இருக்கும் புழுவுக்கோ அதனால் ஒன்றும் ஆவதில்லை.

ஆகவே புகை அடிக்கச் சொல்லிக் கேட்பதைவிட, தேங்கிய நீரை அகற்றச் சொல்லிக் கேளுங்கள். 1888ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 381பி பிரிவுப்படி, கொசு பெருக இடம் தரும் உரிமையாளருக்கு மாநகராட்சி நோட்டீஸ் தரலாம். கட்டட வேலை நடக்கும் இடமோ சொசைட்டியின் மூடாத தொட்டியோ, 1916 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஆனால் ஒன்று, அந்தச் சட்டம் உங்கள் ட்ரம்முக்கும் பொருந்தும்.

காய்ச்சல் வந்தால் மாநகராட்சி மருந்தகத்திலோ காட்கோபர் ராஜாவாடி ஆஸ்பத்திரியிலோ ரத்தம் பாருங்கள். வைவாக்ஸ் மலேரியா என்றால் பிரைமாக்வின் மாத்திரை 14 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால், ஈரலில் ஒளிந்திருப்பது மறுபடி கிளம்பும். கர்ப்பிணிகளுக்கும் ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்த மாத்திரை ஆகாது, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் இரண்டையும் தொடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

கொசுவின் உடம்பையே நமக்குச் சாதகமாக்கும் வழியும் உண்டு. ஓல்பாகியா என்ற பாக்டீரியா ஏடிஸுக்குள் குடியேறினால் டெங்கு வைரஸ் அதில் சரியாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் ஆய்வு வெளியானது. புதுச்சேரியிலுள்ள ஐசிஎம்ஆர் நோய்க்கடத்தி ஆய்வு மையமும் 2022இல் அத்தகைய கொசுவை உருவாக்கிவிட்டதாக அறிவித்தது. நாளை இது நம் சந்துக்கு வந்தால், முன்கூட்டியே விளக்கம் கேட்பது நம் உரிமை. டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் நடத்திய கொசு மரபியல் திட்டம், பத்திரிகையிலும் நாடாளுமன்றத்திலும் சந்தேகம் கிளம்பி 1975இல் மூடப்பட்டது. ஜனங்களிடம் முன்பே பேசியிருந்தால் அந்த அறிவியல் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதுவரை, வாரம் ஒரு நாள் ட்ரம்மைக் காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். ஏடிஸின் முட்டை நீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், கடுகைவிடச் சின்னக் கறுப்புப் புள்ளியாக. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அது போகாது. காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த முறை ட்ரம் நிரம்பும் வரை.