கம்பைலர் மாறினால் மாட்யூலும் மாறும்

இன்டெலின் எம்கேஎல் கணித லைப்ரரியை நிறுவி, அதோடு வரும் ‘லாபாக்95’ மாட்யூலை ஜிஎன்யூவின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானிடம் கொடுத்துப் பாருங்கள். இது என் கோப்பே அல்ல என்று கம்பைலர் கையை விரித்துவிடும். கோப்பில் பழுதில்லை, இன்டெலின் சொந்தக் கம்பைலர் அதைத் தடையின்றிப் படிக்கும்.

அந்த மாட்யூலின் பெயரில் உள்ள லாபாக், நேரியல் இயற்கணிதத் துணைநிரல்களின் தொகுப்பு; 1992இல் வெளியானது. அதற்கு அடித்தளமான பிளாஸ் 1979இலேயே வந்துவிட்டது. இரண்டும் பழைய ஃபோர்ட்ரான் மரபு. துணைநிரலின் பெயர் ஆறு எழுத்தைத் தாண்டாது, அணியின் அளவுகளையெல்லாம் நாமே சொல்லியாக வேண்டும். அணிகளைப் பெருக்கும் டிஜெம்முக்கு 13 உள்ளீடுகள்! ஃபோர்ட்ரான் 95 இடைமுகத்தில் ‘ஜெம்’ என்று அழைத்து மூன்று அணிகளை மட்டும் கொடுத்தால் போதும். மற்றதை அதுவே நிரப்பி டிஜெம்மை அழைத்துக்கொள்ளும்.

இந்த வசதியைக் கம்பைலருக்கு அறிமுகப்படுத்துவது மாட்யூல் கோப்பு. அதன் உள்வடிவம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஃபோர்ட்ரான் தரநிலை விதிக்கவில்லை; கம்பைலருக்குக் கம்பைலர் அது மாறும். ஜிஃபோர்ட்ரானிலேயே 4.9 பதிப்பிலிருந்து அது சுருக்கப்பட்ட கோப்பாக மாறியது. அதனால்தான் இன்டெல், கணக்குப் போடும் உட்பகுதியை மூடியே வைத்திருந்தாலும், இந்த மெல்லிய ஃபோர்ட்ரான் 95 மேலுறையின் மூலநிரலை மட்டும் லைப்ரரியோடு தருகிறது. எந்தக் கம்பைலர், எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லி ‘மேக்’ கட்டளையை ஓட்டினால் நமக்கான மாட்யூல் தயார்.

மாட்யூல் சிக்கலாவது வாய்விட்டுச் சொல்லிவிடும். மோசமானது சத்தமில்லாத வகை. கலப்பெண்ணை விடையாகத் தரும் ‘இசட்டாட்சி’ போன்ற சார்புகளில், விடையை வைப்பதற்கான முகவரியை இன்டெல் கம்பைலர் மறைமுக முதல் உள்ளீடாக அனுப்பும். ஜிஃபோர்ட்ரானோ 64-பிட் லினக்ஸில் விடையை ரெஜிஸ்டரில் எதிர்பார்க்கும். பெயர் ஒன்றாகவே இருப்பதால் லிங்கருக்குச் சந்தேகம் வராது. நிரல் ஓடும்போதுதான் குப்புற விழும். இதற்காகவே லினக்ஸ் பதிப்பில் ‘எம்கேஎல்_இன்டெல்’, ‘எம்கேஎல்_ஜிஎஃப்’ என இரு தனி அடுக்குகள் உண்டு.

ஒவ்வொன்றிலும் மறுபடி எல்பி64, ஐஎல்பி64 என்ற பிரிவு. முதலாவதில் முழு எண் 32 பிட், இரண்டாவதில் 64. 46,341 வரிசையும் அத்தனை நெடுவரிசையும் கொண்ட அணியில் உறுப்புகள் 214 கோடியைத் தாண்டி 32 பிட்டுக்குள் அடங்காது. அங்கே ஐஎல்பி64தான் வேண்டும். மாட்யூலைக் கட்டும்போது ஒன்றும் லிங்க் செய்யும்போது மற்றொன்றும் கொடுத்துவிட்டால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணியின் அளவே தப்பாகப் படிக்கப்படலாம். நிரல் திடீரென்று விழுந்தால், நான் முதலில் லிங்க் வரியைத்தான் பார்ப்பேன்.