கல்வராயன் மலை: மரவள்ளி வழியே ஒரு நிதானப் பயணம்

கல்வராயன் மலை என்பது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. முதன்மையாகக் கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. வட பகுதி சின்ன கல்வராயன் என்றும், உயரம் கூடிய தென் பகுதி பெரிய கல்வராயன் என்றும் வழங்கப்படுகின்றன. இங்கு வருவோரில் பலர் காலையில் ஏறி, அருவியில் குளித்து, மாலையில் இறங்கிவிடுகின்றனர். மலையில் என்ன விளைகிறது, அது எங்கே போகிறது, யார் விளைவிக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ள இரண்டு மூன்று நாள்கள் தேவை. அத்தகைய பயணத்திற்கான விளக்கமே இக்கட்டுரை.

விளைபொருள் வழிப் பயணம்

ஒரு பயிரைப் பின்தொடர்ந்து ஊர்களைக் காணும் பயணத்திற்குப் பிரான்சு நாடு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு அல்சாஸ் பகுதியில் மலையடிவாரத் திராட்சைத் தோட்டங்களையும் சிற்றூர்களையும் நகரங்களையும் இணைக்கும் ஒயின் சாலை 1953இல் தொடங்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 170 கிலோமீட்டர். ஒயினுக்கு அது விளைந்த மண்ணின் பெயரைச் சட்டப்படி காக்கும் முறையும் அந்நாட்டில் 1935இல் உருவானது. பயணி ஊரைப் பார்க்கிறார். ஊரின் பெயரோடு பொருளை வாங்குகிறார். வருவாயில் ஒரு பங்கு விளைவித்தவரிடமே தங்குகிறது. கல்வராயன் மலையில் திராட்சையின் இடத்தில் இருப்பது மரவள்ளிக் கிழங்கு.

பயண வழி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்றால் மலையடிவாரத்தில் கோமுகி அணை வருகிறது. சமவெளியின் நெல், கரும்பு வயல்கள் இங்கு முடிந்து, மலைப்பாதை தொடங்குகிறது. வழியில் பெரியார் அருவி உள்ளது. மேலே வெள்ளிமலை, கல்வராயன்மலை ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். கள்ளக்குறிச்சியிலிருந்து இங்குப் பேருந்து உண்டு. அருகில் உள்ள கரியாலூரையும் பார்த்துவிட்டு மேற்கே சென்றால், சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த கருமந்துறையை அடையலாம். அங்கு அரசுத் தோட்டக்கலைப் பண்ணை உள்ளது. பின்னர் தும்பல் வழியாக இறங்கி ஆத்தூர் செல்லலாம்.

கோமுகி, மணிமுத்தாறு, வசிட்ட நதி ஆகியவை இம்மலையில் பெய்யும் மழையால் பெருகி, இறுதியில் வெள்ளாற்றோடு கலக்கின்றன. சமவெளி விவசாயிக்குத் தண்ணீர் தருவதும் இந்த மலைதான்.

மக்கள்

இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். இப்பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்களின் மொழி தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் வாய்மொழி வரலாறு.

நெடுங்காலம் இம்மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் எனப்படும் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் இம்முறை தொடர்ந்து, 1976இல்தான் அரசு ஜாகிர்களை ஏற்றது. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை இங்குத் தாமதமாக வந்ததை இப்பின்னணியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிழங்கு முதல் ஜவ்வரிசி வரை

முன்பு சாமை, தினை, கேழ்வரகு முதலியவையே முக்கியப் பயிர்கள். இன்று சரிவுகளில் மரவள்ளி மிகுதியாகக் காணப்படுகிறது. இப்பகுதியில் இதைக் குச்சிக்கிழங்கு என்றும் சொல்வர். தண்டைத் துண்டுகளாக வெட்டி நட்டால், ஏறத்தாழ எட்டு முதல் பத்து மாதங்களில் கிழங்கு எடுக்கலாம். குறைந்த நீரில் வளர்வதும் உடனே பணமாவதும் இதன் நன்மைகள். கிழங்கைப் பிடுங்கும்போது சரிவில் மண் இளகி, மழையில் அரித்துப்போவது இதன் தீமை.

தோண்டிய கிழங்கு சில நாள்களில் கெட்டுவிடும். எனவே லாரியில் ஏற்றி ஆத்தூர், சின்னசேலம் பகுதிகளில் உள்ள சேகோ ஆலைகளுக்கு உடனே அனுப்புகின்றனர். அங்குத் தோல் உரித்து, கழுவி, அரைத்து, அதன் பாலைத் தொட்டிகளில் தேக்கி மாவைப் படிய வைக்கின்றனர். ஈரமாவைக் குலுக்கி உருண்டைகளாக்கி, வறுத்து, களத்தில் உலர்த்தினால் அது ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு வரத்து நின்றபோது சேலத்தில் வளர்ந்த தொழில் இது. உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் சேலத்தில் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெயர் சேலத்திற்குக் கிடைத்தது. ஆலைக்குச் செல்லும் கிழங்கில் ஒரு பகுதியைத் தரும் மலையின் பெயர் அதில் இல்லை. காத்திருந்து விற்க முடியாத பொருள் என்பதால், விலையைச் சொல்லும் இடத்தில் மலை விவசாயி இருப்பதில்லை. காட்டில் சேகரிக்கும் கடுக்காய், தேன், புளி ஆகியவற்றிலும் லாபத்தின் பெரும்பகுதி அடிவாரத்திற்குக் கீழேதான் சேர்கிறது.

மலைக்கு வந்த வேறு பெயர்

விளைபொருளால் அறியப்பட வேண்டிய இம்மலை, செய்தித்தாள்களில் கள்ளச்சாராய ஊறல் அழிப்புச் செய்திகளால்தான் அதிகம் அறியப்பட்டது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர் சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கை விசாரித்தது. குற்றத்தைத் தடுப்பதோடு, நேர்மையான வருவாய்க்கு வழி செய்வதும் தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. ஒரு சிலர் செய்த குற்றத்திற்காக ஒரு மலையின் மக்கள் அனைவரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது அநீதி.

பயணிகள் கவனத்திற்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், பிப்ரவரி வரை பயணத்திற்கு ஏற்ற காலம். மழை வலுக்கும்போது அருவிகளில் வெள்ளம் திடீரென வரும். அப்போது இறங்கக் கூடாது. காட்டுப் பாதைகளில் செல்ல வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். மதுப்புட்டிகளையும் நெகிழிப் பைகளையும் கொண்டு செல்லாதீர்கள். வீடுகளையும் மக்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

தேனோ கடுக்காயோ சாமை அரிசியோ வாங்குவதாக இருந்தால் மலையிலேயே, விற்பவர் சொல்லும் விலைக்கு வாங்குங்கள். ஊர் திரும்பியதும் அது கல்வராயன் மலைப் பொருள் என்று நான்கு பேரிடம் சொல்லுங்கள். மலையின் நல்ல பெயர் அப்படித்தான் பரவ வேண்டும்.